திரும்பி வந்த மஞ்சள் புடவை

கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கிற நேரத்தில் இப்போதும் யாராவது ஒருவர் அந்தப் பேச்சை எடுத்துவிடுகிறார். "கொரோனாவுல ஊரையே இழுத்து மூடினாங்களே, அப்போ நீங்க எங்க மாட்டிக்கினீங்க?" அவ்வளவுதான், சுற்றி இருப்பவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் பெங்களூரில் மகள் வீட்டுக்கு ஒரு ராத்திரி தங்கப் போய், கோடை முழுக்க அங்கேயே கிடந்திருப்பார். கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் துபாயில் கம்பெனி ரூமுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டே நோன்பு இருந்திருப்பார். நாடு முழுக்கச் சாவு விழுந்த காலம். அடுத்து யார் வீட்டில் என்று தெரியாமல் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்த காலம். அதைப் போய் இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். சொல்லட்டும். அழுதுகொண்டே எத்தனை தடவை சொல்ல முடியும்?

என் வீட்டுக்காரர் இந்தக் கதை சொல்வதில் கில்லாடி. லாரி டிரைவர் அவர். நாக்பூரைத் தாண்டி ரோட்டோரத்தில் வெங்காய லோடோடு மாட்டிக்கொண்டதையும், சர்தார்ஜிகள் வேளா வேளைக்குச் சப்பாத்தி கொண்டுவந்து கொடுத்ததையும், வெங்காயம் முளைவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு நின்றதையும் அவர் சொல்ல ஆரம்பித்தால், கேட்கிறவர்கள் பந்தியை மறந்துவிடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு யாராவது என் பக்கம் திரும்பி, "நீங்க எங்க டீச்சர் இருந்தீங்க?" என்பார்கள். "நான் எங்க போவேன், திண்டிவனத்துலதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விடுவேன்.

அது முழு உண்மை இல்லை. ஒரு நாள் நான் திண்டிவனத்தில் இல்லை. அந்த ஒரு நாளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அங்கன்வாடி டீச்சர். ஊரில் பால்வாடி டீச்சர் என்றால்தான் தெரியும். பிள்ளைகளை அதட்டி அதட்டி என் தொண்டை எப்படி ஆகிவிட்டதென்றால், நான் ரகசியம் சொன்னாலும் அடுத்த வீட்டுக்காரர் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்ப்பார். கோபமும் எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. விழுப்புரத்தில் கீழ்ப்பெரும்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய கணவர் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். என் மாமனார் மாமியார் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டதால், அந்த அம்மாவுக்குப் பிறந்த வீடு என்றால் அது எங்கள் வீடுதான். என்னைவிட வயதில் ரொம்ப மூத்தவர். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் அண்ணிக்குச் சீர் கொண்டுபோவோம். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், ஒரு புடவை. புடவை எடுப்பது என் வேலை. திண்டிவனத்தில் ஒரே கடையில் பாதி நாள் உட்கார்ந்து, கடைப் பையன்கள் அலுத்துப்போகிற வரைக்கும் பிரித்துப் போடச் சொல்லி எடுப்பேன். தட்டில் வைத்து நான்தான் நீட்டுவேன். அண்ணி இரண்டு கையாலும் முந்தானையை விரித்துப் பிடித்து அதில் வாங்கிக்கொள்வார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அது வரைக்கும் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஒற்றி முடித்த அடுத்த நிமிஷம் வாய் திறந்துவிடும்.

"ஏம்மா, கடையில வேற கலரே இல்லியா?"

பச்சை எடுத்தால் கிளி மாதிரி இருக்கிறது. நீலம் எடுத்தால் ஆஸ்பத்திரி ஜன்னல் திரை மாதிரி இருக்கிறது. "எந்தம்பி பொண்டாட்டிக்கு எல்லாம் தெரியும், கலர் பாக்க மட்டும் தெரியாது" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காபி குடிப்பேன். சொன்னால் சொல்லட்டும், வாங்கிக்கொள்கிறாரே என்று இருந்தேன்.

எங்களுக்குள் பேச்சு நின்றது ஒரு போட்டோவால். என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. அத்தை முறைக்காரர் என்பதால் அண்ணிதான் முன்னால் நின்று எல்லாம் செய்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் ஆல்பம் வந்தபோது, குடும்பமாக நின்று எடுத்த பெரிய போட்டோவில் அவர் இல்லை. போட்டோக்காரர் கூப்பிட்ட நேரத்தில் அண்ணி பந்தியில் நின்று விழுப்புரத்து ஆட்களுக்கு இலை போடச் சொல்லிக்கொண்டிருந்தார். யார் மேலும் தப்பில்லை. ஆனால் ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு, நாலு பேர் நடுவில், "என்னக் கழிச்சிக் கட்டிட்டா பாத்தீங்களா" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பந்தியில இருந்தா போட்டோல எப்படிண்ணி வருவீங்க?" என்றேன்.

இதில் என்ன தப்பு இருக்கிறது? நடந்ததைத்தானே சொன்னேன்! ஆனால் அவர் காதில் அது, சாப்பாட்டுக்கு அலைந்தவள் என்று சொன்ன மாதிரி விழுந்துவிட்டது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், அன்றைக்கு நான் பேசியதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை.

அதற்குப் பிறகு நான் விழுப்புரம் போகவில்லை. அண்ணி திண்டிவனம் வரவில்லை. பொங்கல் சீரை வீட்டுக்காரர் மட்டும் பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு போவார். புடவை மட்டும் வழக்கம்போல நான்தான் எடுப்பேன். கோபம் வேறு, முறை வேறு. நடுவில் தூது போவதும் அவர்தான். இங்கே நான் பத்து வார்த்தை திட்டினால் அங்கே போய், "அவ உன்ன விசாரிச்சாக்கா" என்பார். அங்கே அண்ணி பத்து வார்த்தை திட்டினால் இங்கே வந்து, "அக்கா நல்லாக்கீறாங்க" என்பார். லோடை ஒரு மூட்டை குறையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற மனுஷன், பேச்சை மட்டும் வழியிலேயே பாதி இறக்கிவிட்டுத்தான் வருவார்.

ஊரடங்குக்கு முன்னால் வந்த பொங்கலில் போன புடவை மட்டும் திரும்பி வந்துவிட்டது. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட நூல் புடவை. வீட்டுக்காரர் அதைக் கடைக் கவரோடு அப்படியே கட்டில் மேல் வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

"இன்னா இது?"

"அக்கா வாணான்ட்டாங்க."

"ஏனாம்?"

"கலரு... புடிக்கலியாங்காட்டியும். உடு."

விடுவேனா? இத்தனை வருஷத்தில் திட்டிக்கொண்டேயாவது வாங்கினார். இப்போது தட்டில் வைத்த சீரையே திருப்பி அனுப்புகிறார் என்றால் என்ன அர்த்தம்? உறவே வேண்டாம் என்றுதானே அர்த்தம்? "இனிமே அந்த வூட்டுக்கு ஒரு கரும்புத் துண்டு கூடப் போகாது" என்று கத்தினேன். அவர் தட்டைப் பார்த்தபடி சோறு தின்றார். நான் புடவையைப் பீரோவின் அடித்தட்டில் தூக்கிப் போட்டேன்.

அந்தப் பங்குனியில்தான் ஊரை மூடினார்கள். வீட்டுக்காரர் வடக்கே மாட்டிக்கொண்டார். பால்வாடியை மூடிவிட்டாலும் எங்களுக்கு வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கேட்டு எழுதுகிற வேலை இருந்தது. கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் மாஸ்க், கையில் சானிடைசர். கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே, "நல்லாக்கீறோம் டீச்சர், நீங்க போங்க" என்று துரத்துவார்கள். நானே நோயைக் கையில் கொண்டு வருகிற மாதிரி பார்ப்பார்கள். பேஜாரான பிழைப்பு.

சித்திரையில் ஒரு நாள் காலையில், வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அண்ணியின் மகன்.

"அத்த... அம்மா போயிட்டாங்க."

விடியற்காலை எழுந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ தேடுவதற்குள் முடிந்துவிட்டது. கொரோனா இல்லை. இருந்தாலும் யார் நம்புவார்கள்? போலீஸ் வந்து, கூட்டம் சேரக் கூடாது, மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. அவன் அழுதுகொண்டே சொன்னதை நான் தண்ணீர் வாளியோடு நின்று கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை.

அடுத்த போன் வீட்டுக்காரர். அவருக்கும் சொல்லிவிட்டார்கள். அந்த ஆள் அழுது நான் கேட்டதே இல்லை. அவருடைய அப்பா செத்தபோது கூடப் பாடையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நடந்தவர். இப்போது ரோட்டோரத்தில் லாரிக்குள் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

"கோடி இல்லாம தூக்கிடப் போறாங்கடி எங்கக்காவ. அப்பா அம்மா இல்ல. நானும் இங்க கெடக்கறேன். யாரும் இல்லாதவ மாதிரி அனுப்பிடுவாங்க."

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை வர வேண்டும். அதுதான் கோடி. புகுந்த வீட்டில் பட்டுப் பட்டாகக் கொண்டுவந்து குவித்தாலும், பிறந்த வீட்டுப் புடவை மேலே விழாமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். அது வந்தால்தான் அவளுக்கும் ஒரு வீடு இருந்தது, ஆள் இருந்தது என்று ஆகும். கொண்டுபோக வேண்டியவர் தம்பி. தம்பி நாக்பூரில். மிச்சம் இருப்பது நான்.

"நான் போறேன்" என்றேன். எப்படி, எதில் என்று எதுவும் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொல்லிவிட்டேனே தவிர, புடவைக்கு எங்கே போவது? ஜவுளிக்கடை எல்லாம் பூட்டிக் கிடக்கிறது. வழக்கமாக எடுக்கும் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "அம்மா, பின்பக்கமாத் தொறந்தா கூட சீல் வெச்சிடுவாங்கம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். எதிர்வீட்டுப் பெண் ஜன்னல் வழியாக, "எங்கிட்ட கட்டாத பட்டு ஒண்ணு கீது டீச்சர், எடுத்துக்கினு போங்க" என்றாள். நல்ல மனசு. ஆனால் இன்னொரு வீட்டுப் புடவை எப்படிப் பிறந்த வீட்டுக் கோடி ஆகும்?

பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அடித்தட்டில் அந்த மஞ்சள் புடவை கவரோடு கிடந்தது. புதுசு. எங்கள் வீட்டுப் பணத்தில், அவருக்கென்றே எடுத்தது. ஆனால் அவரே வேண்டாம் என்று திருப்பி விட்டது. உயிரோடு இருந்தபோது தொட மாட்டேன் என்றதை, வாய் பேச முடியாத நேரம் பார்த்து மேலே போர்த்துவதா? செத்தவளிடம் போய் ஜெயித்த மாதிரி ஆகாதா? கவரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

வீட்டுக்காரருக்கே போன் போட்டுக் கேட்டேன். "வேற எதுவும் இல்ல. அந்தப் பொங்கல் புடவைதான் கீது. அதப் போய் எப்படி..."

நான் முடிப்பதற்குள், "அதையே எடுத்துக்கினு போ" என்றார்.

"அவங்கதான் வாணான்னாங்களே!"

"அது அக்காவுதுதான். எடுத்துக்கினு போ. ஜல்தி கெளம்பு."

எப்போதும் என்னிடம் இழுத்து இழுத்துப் பேசுகிறவர், அன்றைக்கு அப்படி அடித்துச் சொன்னது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மகளை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டியில் கிளம்பினேன். புடவைக் கவரைக் காலடியில் வைத்தேன். பிறகு மனசு கேட்கவில்லை. எடுத்து மடியில் வைத்துத் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டேன்.

சென்னை ரோட்டை அப்படி நான் பார்த்ததே இல்லை. பஸ் இல்லை, லாரி இல்லை, ஹாரன் சத்தம் இல்லை. ரோட்டு நடுத்தடுப்பில் அரளி பூத்துக் கொட்டிக் கிடந்தது. நடு ரோட்டில் ஒரு நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது, நான் பக்கத்தில் போயும் எழவில்லை. விழுப்புரம் வரைக்கும் நான் ஒரு நாளும் ஸ்கூட்டி ஓட்டியதில்லை. பயத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டே போனேன். யாரோடு? அண்ணியோடுதான். 'போட்டோல வரலன்னு போனீங்களே, இப்போ ஒரேயடியாப் போயிட்டீங்களே, இதுக்கு யார்கிட்ட போய்ச் சண்ட போடறது நானு' என்று கேட்டேன். ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே கேட்டது.

கூட்டேரிப்பட்டில் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் பேரிகார்டு போட்டு மறித்தார்கள். வெயிலில் கருத்துப் போயிருந்த ஏட்டு ஒருவர் லத்தியை நீட்டி ஓரம் கட்டச் சொன்னார்.

"எங்கம்மா போற?"

"சாவுக்கு சார். விழுப்புரத்துல நாத்தனாரு."

"பாஸ் கீதா?"

"இல்ல சார். காலைலதான் போனாங்க."

"எல்லாரும் இதையேதாம்மா சொல்றீங்க. நேத்துலேர்ந்து எத்தினி பேருக்கு நாத்தனாரு செத்துப் போச்சு தெரியுமா? இன்னா ஆதாரம்?"

மற்ற நாளாக இருந்தால் அவரோடு ஒரு கை பார்த்திருப்பேன். அன்றைக்கு இடுப்பில் கட்டியிருந்த கவரை அவிழ்த்துப் புடவையை வெளியே எடுத்துக் காட்டினேன்.

"கோடி சார். தம்பி ஊர்ல இல்ல. நான்தான் கொண்டு போறேன். மதியத்துக்குள்ள எடுத்துடுவாங்க."

அவர் புடவையைப் பார்த்தார். லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பேரிகார்டை அவரே இழுத்து நகர்த்தினார். "போம்மா, போ. மெதுவாப் போ" என்றார். தள்ளி நின்றுதான் சொன்னார், ஆனால் குரல் மாறிவிட்டது.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. வெளியே மரத்தடியில் ஜனங்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கண்ணைத் திருப்பாமல் ஓட்டினேன். மடியில் போன் இரண்டு தடவை அடித்தது. எடுத்தால் தூக்கிவிட்டோம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து எடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் வீட்டுக்காரருக்காக மட்டும் போகவில்லை என்று. எனக்கே அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டியிருந்தது. பார்க்காமல் போய்விட்டால் இந்தச் சண்டை என்னோடேயே தங்கிவிடும்.

கீழ்ப்பெரும்பாக்கம் தெருவில் மேளம் இல்லை, பந்தல் இல்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் மாஸ்க்கோடு நின்றிருந்தார்கள். யாரும் படி இறங்கவில்லை. அண்ணி எத்தனை சாவு வீட்டில் போய்ப் பிறரைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்! அவர் வீட்டுக்கு யாரும் வர முடியவில்லை. எனக்கு அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. வண்டியை ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினேன்.

பாடை கட்டி முடித்து வாசலில் தயாராக இருந்தது. கூடத்தில் பெஞ்சு மேல் அண்ணியைப் படுக்க வைத்திருந்தார்கள். பூ மார்க்கெட் மூடிக் கிடந்ததால் மாலை இல்லை. வீட்டில் பூத்த நந்தியாவட்டையை நூலில் கோத்துப் போட்டிருந்தார்கள். நெற்றியில் பெரிய குங்குமம். வாயை மூடித் துணியால் கட்டியிருந்தார்கள். அந்த வாயைப் போய்க் கட்டிவிட்டார்களே என்றுதான் முதலில் தோன்றியது.

மகன் என்னைப் பார்த்ததும், "வந்துட்டாங்கப்பா" என்றான். அண்ணியின் கணவர் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அதிர்ந்து பேசாத மனுஷர்.

"பக்கத்து வூட்டுப் புடவை ஒண்ண வாங்கி, பொறந்த வூட்டுப் பேர் சொல்லிப் போத்திடலாம்னாங்கம்மா" என்றார். "நான்தான் வாணான்னேன். எம்மச்சான் பொண்டாட்டி வந்துடுவான்னேன்."

அவர் மகன் என் வீட்டுக்காரருக்கு வீடியோ காலில் போன் போட்டுக் கையில் பிடித்திருந்தான். லாரி கேபினுக்குள் அவருடைய முகம் தெரிந்தது. தாடி வளர்ந்து, கண் வீங்கி, யாரோ மாதிரி இருந்தார். நான் கவரைப் பிரித்துப் புடவையை எடுத்தேன். அந்த மஞ்சள் நிறம் கூடத்தில் பளிச்சென்று தெரிந்தது. அண்ணா அதையே பார்த்தார்.

"இது பொங்கலுக்கு வந்ததில்ல?"

"கடை எதுவும் தொறக்கல அண்ணா. வேற வழியில்ல. அண்ணிக்குப் புடிக்காத கலர்தான். தப்பா நெனச்சிக்காதீங்க."

"புடிக்கலன்னு யாரும்மா சொன்னது?"

நான் போனைப் பார்த்தேன். போனில் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் இங்கதானம்மா குந்திக்கினு இருந்தேன்" என்றார் அண்ணா. "பிரிச்சு வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா. இந்த வருசந்தான் கலர் பாக்கக் கத்துக்கினு கீறான்னு சொல்லிச் சிரிச்சா. அப்பால அவளே மடிச்சுக் கவர்ல போட்டு உங்க வூட்டுக்காரன் கையில குடுத்தா. இத நீ குடுக்கக் கூடாது, அவள வரச் சொல்லு, அவ கையால குடுத்தா வாங்கிக்கறேன்னா. தை மாசம் பூரா வாசலப் பாத்துக்கினு இருந்தாம்மா."

போனிலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது, விட்டு விட்டு.

"நான்தான் சொல்லல... சொன்னா நீ கத்துவ... வரவழைக்க வேல பாக்கறாங்களான்னு சண்டைக்குக் கெளம்பிடுவன்னு... கொஞ்ச நாள் போவட்டும்னு..."

கத்தியிருப்பேன்தான். அவர் சொன்னது சரி. ஆனால் கத்திக்கொண்டே கிளம்பிப் போயிருப்பேன். இந்த மனுஷனுக்கு இத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்தும் அது தெரியவில்லையே! அவர் ஊருக்கு வந்த பிறகு அதை வேண்டிய மட்டும் கேட்டுவிட்டேன். அன்றைக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. வெளியே போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"ஆகட்டும்மா" என்று யாரோ வாசலிலிருந்து சொன்னார்கள்.

நான் புடவையை விரித்து அண்ணி மேல் போர்த்தப் போனேன். அண்ணா கையை நீட்டித் தடுத்தார்.

"இரும்மா. அப்படி வாணாம்."

ஸ்டூலிலிருந்து எழுந்தார். அண்ணி உடுத்தியிருந்த புடவையின் முந்தானை ஒரு பக்கம் செருகியிருந்தது. அதை மெதுவாக உருவி எடுத்தார். தண்டவாளத்தில் வேலை செய்து காய்த்துப் போன இரண்டு கையாலும் முந்தானையை அகலமாக விரித்து, அண்ணியின் நெஞ்சுக்கு நேராக ஏந்திப் பிடித்தார்.

"குடும்மா. வாங்கிக்கறா" என்றார்.

நான் மாஸ்க்கைக் கழற்றினேன். புடவையை மறுபடி மடித்து, பொங்கலுக்குக் கொடுப்பது போலவே இரண்டு கையாலும் அந்த முந்தானையில் வைத்தேன்.

"கொண்டாந்துட்டேன் அண்ணி. என் கையாலதான்" என்றேன். "கலரு எப்படிக்கீதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."